உங்களுக்குத் தெரியுமா? அன்னாசிப்பூ முதல் ஃப்ளூ மாத்திரை வரை

காய்ச்சலும் உடம்புவலியும் வந்து படுத்துவிட்டால், வீட்டுக்கு வீடு ஒரு கஷாயம் கொதிக்கும். அந்தச் செடிகொடிகளில் சில ஆய்வுக்கூடம் வரை போயிருக்கின்றன. ஒன்றிரண்டு மருந்துக்கடைக்கே வந்துவிட்டன. பல பாதி வழியிலேயே நின்றுவிட்டன. இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கும் தாவரங்களுக்கும் நடக்கும் மல்லுக்கட்டு பற்றிச் சில துணுக்குகள்.

தாளிப்பில் இருக்கும் மூலப்பொருள்

பிரியாணிக்கு எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்போடு ஒரு அன்னாசிப்பூவைப் போடுகிறோமே, அதில் ஷிகிமிக் அமிலம் என்றொரு பொருள் இருக்கிறது. காய்ந்த எடையில் சுமார் 3 முதல் 7 சதவீதம். டாமிஃப்ளூ என்ற பெயரில் விற்கும் ஓசல்டமிவிர் மருந்தின் மூலப்பொருள் அதுதான். பெயரில்தான் பூ. உண்மையில் அது பறித்துக் காயவைத்த காய். மரம் அதிகம் வளர்வது தென் சீனாவின் குவாங்சி மாகாணத்திலும் வட வியட்நாமிலும்.

அதற்காக பிரியாணி மருந்தாகாது

ஷிகிமிக் அமிலத்தை அப்படியே விழுங்கினால் ஃப்ளூ வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆலையில் ஏறக்குறைய பத்து வேதிவினைகளைத் தாண்டிய பிறகே அது ஓசல்டமிவிராக மாறுகிறது. செடி கொடுத்தது பாதி கட்டிய வீடு. மேலே எழுப்பியவர்கள் வேதியியலாளர்கள். அன்னாசிப்பூ டீ குடித்தால் டாமிஃப்ளூ சாப்பிட்ட மாதிரி என்று வாட்ஸ்அப்பில் வந்தால், நம்பாமல் கடந்துவிடலாம்.

ஏன் இந்த அமிலமே வேண்டும்?

இதன் மூலக்கூறு ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு வளையம். அதில் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் எந்தப் பக்கம் நோக்கி நிற்க வேண்டுமோ, அந்தப் பக்கமே நிற்கின்றன. இடவலம் மாறினால் மருந்து வேலை செய்யாது. ஆய்வுக்கூடத்தில் இந்தத் திசையை அமைக்கப் பெரும்பாடு பட வேண்டும். மரம் அதை வெயிலையும் தண்ணீரையும் வைத்துச் செய்து கொடுத்துவிடுகிறது.

அண்ணன் கண்டது அமிலம், தம்பி கண்டது தவிடு

ஷிகிமிக் அமிலத்தை 1885இல் முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஜப்பானில் பணியாற்றிய டச்சு வேதியியலாளர் யோஹான் ஃப்ரெடரிக் ஐக்மன். அவர் எடுத்தது ‘ஷிகிமி’ எனப்படும் ஜப்பானிய அன்னாசிப்பூ மரத்திலிருந்து. அமிலத்தின் பெயரும் அங்கிருந்து வந்ததே. அவருடைய தம்பி கிறிஸ்டியான் ஐக்மன், தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகளைப் பார்த்து பெரிபெரி நோயின் மர்மத்தை அவிழ்க்கத் தொடங்கியவர். 1929இல் நோபல் பரிசு பெற்றவர். அண்ணன் எடுத்த அமிலத்துக்கு மருந்துலகில் மவுசு வர நூறாண்டுக்கு மேல் ஆனது.

மருந்து எங்கே அடிக்கிறது?

ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் முக்கியம். ஒன்று ஹீமக்ளூட்டினின்: நம் செல்லின் மேலுள்ள சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய உதவுவது. மற்றது நியூராமினிடேஸ்: செல்லுக்குள் பெருகிய புது வைரஸ்கள் வெளியேறும்போது, அதே சியாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொள்ளாமல் அறுத்து விடுவது. எச்1என்1 என்ற பெயரில் உள்ள ‘எச்’சும் ‘என்’னும் இவைதான். ஓசல்டமிவிர் அறுக்கும் புரதத்தின் வாயில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வைரஸ் பிறந்த இடத்திலேயே சிக்கிக்கொள்கிறது.

மசாலா மார்க்கெட்டில் ஒரு களேபரம்

டாமிஃப்ளூவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1999இல். கண்டுபிடித்தது கிலியட் நிறுவனம். தயாரித்து விற்றது ரோஷ். 2005இல் பறவைக் காய்ச்சல் பீதி கிளம்பியதும் உலக நாடுகள் மாத்திரையைக் குவிக்க முண்டியடித்தன. அன்னாசிப்பூ விளைச்சலில் பெரும்பகுதி மருந்து ஆலைக்குத் திரும்பியது, விலை ஏறியது. இந்தியாவில் இந்த மருந்தைத் தயாரிக்க ஹைதராபாத்தின் ஹெட்டரோ நிறுவனத்துக்கு ரோஷ் உரிமம் கொடுத்ததும் அந்த ஆண்டில்தான்.

பாக்டீரியாவிடம் ஒப்படைத்தார்கள்

ஒரு மரத்தை நம்பி உலகத்தின் மருந்து இருக்கலாமா? மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃப்ராஸ்ட் குழுவினர் ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுக்களை மாற்றி, குளுக்கோஸை ஊட்டி, ஷிகிமிக் அமிலத்தைச் சுரக்க வைத்தார்கள். ரோஷும் இந்த நொதிப்பு முறையைக் கைக்கொண்டது. ஹார்வர்டின் நோபல் விஞ்ஞானி எலையஸ் கோரி, ஷிகிமிக் அமிலமே தேவைப்படாத ஒரு தயாரிப்பு வழியை 2006இல் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமையும் கோரவில்லை.

நமக்கில்லாத ஆலை

செடிகள், பூஞ்சைகள், பாக்டீரியாக்கள் எல்லாவற்றுக்குள்ளும் ஷிகிமிக் அமிலம் உருவாகிறது. புரதத்துக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களை அவை அந்த வழியாகவே செய்துகொள்கின்றன. விலங்குகளுக்கு அந்த வழி கிடையாது. களைக்கொல்லியான கிளைஃபோசேட் செடியில் அடைப்பது இந்த வழியைத்தான்.

இரட்டையரில் ஒருவர் விஷம்

சமையல் அன்னாசிப்பூவும் ஜப்பானிய அன்னாசிப்பூவும் காய்ந்தபின் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஜப்பானிய வகையில் அனிசாட்டின் என்ற நரம்பு நஞ்சு உண்டு, வலிப்பு வரவழைக்கும். கைக்குழந்தைகளுக்கு வயிற்றுவலி போக அன்னாசிப்பூ டீ கொடுத்து வலிப்பு வந்த சம்பவங்களுக்குப் பிறகு, அந்த டீயைத் தவிர்க்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003இல் எச்சரித்தது.

தும்மிய மரநாய்

ஃப்ளூவுக்குக் காரணம் பாக்டீரியா என்றே 1918இல் பலர் நம்பினார்கள். 1933இல்தான் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோஃபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா மூவரும் மனிதரின் ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். ஃபெரட் எனப்படும் மரநாய் இனப் பிராணிக்கு நம் ஃப்ளூ தொற்றும். நோயுற்ற ஒரு ஃபெரட் ஸ்மித்தின் முகத்தில் தும்ம, அவரும் படுத்தார். அவரிடமிருந்து எடுத்த வைரஸ் அவர் பெயரின் முதலெழுத்துகளோடு ‘டபிள்யூ.எஸ்.’ என்று இன்றும் ஆய்வுக்கூடங்களில் வாழ்கிறது. வைரஸ் கையில் கிடைத்த பிறகே எந்த மூலிகையையும் அதன்மேல் சோதிக்க முடிந்தது.

நாயின் சிறுநீரகத்தில் ஒரு தேர்வு

மூலிகைச் சாறு ஃப்ளூ வைரஸைத் தடுக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்? 1958இல் ஒரு காக்கர் ஸ்பேனியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்கப்படும் செல்களைத் தட்டின் அடியில் ஒற்றை அடுக்காகப் பரவ விடுவார்கள். மேலே வைரஸை ஊற்றி, கூழ்போன்ற ஒரு திரவத்தால் மூடி வைப்பார்கள். சில நாள் கழித்து ஊதாச் சாயம் விட்டால், உயிரோடு இருக்கும் செல்கள் சாயம் ஏறித் தெரியும். வைரஸ் தின்ற இடங்கள் வெள்ளைப் பொட்டுகளாக நிற்கும். சாறு சேர்த்த தட்டில் பொட்டுகள் குறைந்தால் முதல் தேர்வில் பாஸ்.

வினிகரும் பாஸ் ஆகும்

அந்தத் தேர்வில் வினிகர், சோப்புத் தண்ணீர், சாராயம் எல்லாமே வைரஸை ஒழித்துக் கட்டும். ஆகவே அடுத்த கேள்வி: செல்லைக் கொல்லாமல் வைரஸை மட்டும் தடுக்கிறதா? செல்லைப் பாதிக்கும் அளவுக்கும் வைரஸைத் தடுக்கும் அளவுக்கும் இடையே இடைவெளி எவ்வளவு அகலமோ, அவ்வளவு நம்பிக்கை. டீயிலும் மாதுளைத் தோலிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருளான டானின், எதிர்ப்பட்ட புரதத்தையெல்லாம் ஒட்டிப் பிடிக்கும். வைரஸின் புரதத்தையும் பிடிக்கும். எச்சிலின் புரதத்தையும் பிடிக்கும். தட்டில் அது சூரப்புலி. வயிற்றுக்குள் போனால் வைரஸ் இருக்கும் மூச்சுக்குழாய்ப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

மஞ்சள் ஏன் ஏமாற்றுகிறது?

மஞ்சளின் குர்குமின், ஃப்ளூ வைரஸ் செல்லில் ஒட்டுவதைத் தடுக்கிறது என்று தட்டுச் சோதனைகள் காட்டின. சிக்கல் என்னவென்றால், குர்குமின் கிட்டத்தட்ட எல்லாச் சோதனையிலும் ‘ஆம்’ என்று பதில் வரவழைக்கும். தானே ஒளிரும், புரதங்களில் கண்டபடி ஒட்டும், சீக்கிரம் சிதையும். குடித்தாலோ ரத்தத்தில் சேர்வது சொற்பம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் நெல்சனும் சக ஆய்வாளர்களும் 2017இல் இதையெல்லாம் அலசினார்கள். மருந்தையும் போலி மருந்தையும் யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்து நடத்திய மனிதச் சோதனைகளில் குர்குமின் ஒன்றில்கூட வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். மஞ்சள் பாலுக்குத் தடையில்லை. மருந்துச் சீட்டில் எழுதத்தான் ஆதாரம் இல்லை.

வாய் கொப்பளித்த மாணவர்கள்

பச்சைத் தேயிலையின் கேட்டசின்கள் தட்டில் ஃப்ளூ வைரஸை நன்றாகவே தடுத்தன. தேயிலைக்குப் பேர்போன ஜப்பானின் ஷிசுவோகாவில், 2011-12 குளிர்காலத்தில் சுமார் 750 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி டீயால் கொப்பளித்தது, மறுபாதி வெறும் தண்ணீரால். டீ அணியில் ஃப்ளூ சற்றுக் குறைவுதான். ஆனால் அது தற்செயல் அல்ல என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

டீக்கு வேறொரு வேலை கிடைத்தது

அதே கேட்டசின்களைச் செறிவாக்கிச் செய்த களிம்புக்கு அமெரிக்காவில் 2006இல் அனுமதி கிடைத்தது. தாவரச் சாற்று மருந்து என்ற பிரிவில் அங்கே முதலில் தேறியது அதுதான். அடிப்பதும் வைரஸ் நோயைத்தான், ஆனால் ஃப்ளூவை அல்ல: பாப்பிலோமா வைரஸால் பிறப்புறுப்பில் வரும் மருக்களை. தோலின்மேல் நேராகப் பூசலாம் என்பதால், வயிறு, ஈரல், ரத்தம் என்ற நீண்ட வழியே மிச்சம்.

எல்டர்பெரி: 60 பேரும் 87 பேரும்

ஐரோப்பாவில் நம் துளசிக் கஷாயத்தின் இடத்தில் இருப்பது எல்டர்பெரி சிரப். 2004இல் நார்வேயில் 60 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், சிரப் குடித்தவர்களுக்கு நான்கு நாள் முன்னதாகவே குணம் தெரிந்தது என்றார்கள். விற்பனை பறந்தது. 2020இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 87 நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் ஏதும் தட்டுப்படவில்லை. சிறு சோதனை ஒன்றை நம்பி முடிவு கட்டினால் இப்படித்தான்.

பழம் இனிக்கும், இலை கொல்லும்

எல்டர்பெரியின் இலை, தண்டு, பச்சைக் காய் ஆகியவற்றில் சயனைடை விடுவிக்கும் பொருள் உண்டு. 1983இல் கலிஃபோர்னியாவின் மான்டரே பகுதியில், இலை தண்டோடு சேர்த்துப் பிழிந்த சாற்றைக் குடித்த குழு ஒன்றில் பலர் வாந்தியும் தலைசுற்றலுமாக விழுந்தார்கள். சிரப்புக்குப் பழுத்த பழத்தை வேகவைப்பது சும்மா அல்ல.

கஷாயமும் மாத்திரையும் ஒரே பந்தயத்தில்

2009இல் எச்1என்1 பரவியபோது சீனாவில் 410 நோயாளிகளை நான்கு பிரிவாக்கினார்கள். எபிட்ரா, ஹனிசக்கிள், அதிமதுரம் உள்ளிட்டவை சேர்ந்த மரபுக் கஷாயம் ஒரு பிரிவுக்கு, ஓசல்டமிவிர் ஒரு பிரிவுக்கு, இரண்டும் ஒரு பிரிவுக்கு, எதுவுமின்றி ஒரு பிரிவு. காய்ச்சல் இறங்க ஒன்றும் எடுக்காதவர்களுக்கு 26 மணி, மாத்திரைக்கு 20 மணி, கஷாயத்துக்கு 16 மணி, இரண்டுக்கும் சேர்த்து 15 மணி நேரம். 2011இல் வெளியான இந்த முடிவு மூலிகைக்கு ஆதரவானதே. ஒரு குறை: போலிக் கஷாயம் கொடுத்து ஒப்பிடவில்லை, யார் எதைக் குடிக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கொதித்தாலும் கரையாத துணுக்கு

ஹனிசக்கிள் பூவைக் கொதிக்க வைத்த பிறகும் அழியாமல் நிற்கும் ஒரு சிறு ஆர்.என்.ஏ. துணுக்கு, எலிகளின் நுரையீரல் வரை போய் ஃப்ளூ வைரஸின் மரபணுக்களை அடக்குகிறது என்று 2015இல் நான்ஜிங் பல்கலைக்கழகத்தினர் அறிவித்தார்கள். தின்ற செடியின் ஆர்.என்.ஏ. வயிற்றைக் கடந்து ரத்தத்தில் அந்த அளவு சேருமா என்று மற்ற ஆய்வாளர்கள் புருவம் உயர்த்தினார்கள். வழக்கு முடியவில்லை.

அதிமதுரத்தின் மறுபக்கம்

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், பல வைரஸ்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று 1979இல் இத்தாலிய ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஃப்ளூ வைரஸ் செல்லுக்குள் புகுவதைக் குறைப்பதாகவும் பின்னர் ஆய்வுகள் வந்தன. அதே பொருள் நாள்கணக்கில் உள்ளே போனால் உடம்பில் உப்பைத் தேக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். தொண்டைக்குக் கொஞ்சம் சுவைப்பது வேறு, தினமும் டம்ளர் டம்ளராகக் குடிப்பது வேறு.

நிலவேம்பில் ஒன்பது

நிலவேம்புக் குடிநீர் நிலவேம்பு மட்டும் அல்ல. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் சேர்ந்து மொத்தம் ஒன்பது. தமிழ்நாட்டில் இது வீதிவீதியாக வழங்கப்பட்டது டெங்குவுக்காக. டெங்கு வைரஸும் ஃப்ளூ வைரஸும் வேறு வேறு குடும்பம். ஒன்றுக்கு உதவியது மற்றதற்கும் உதவும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடை ஃப்ளூ வைரஸின்மேல் தனியாகச் சோதித்து வருகிறார்கள். செல்களிலும் எலிகளிலும் நல்ல சேதி உண்டு. மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்துத் தேறிய ஃப்ளூ மருந்தாக அது இன்னும் வரவில்லை.

காய்ச்சலென்றால் கொய்னா

1918 ஃப்ளூ இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த கொய்னாவை அப்போது பல நாடுகளில் ஃப்ளூவுக்கும் கொடுத்தார்கள். 1860களிலிருந்து நீலகிரியில் அரசாங்கமே அந்த மரத்தை வளர்த்துவந்தது. கொய்னா மலேரியாக் கிருமியைக் கொல்லும். ஃப்ளூ வைரஸுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

மருந்தே வினையானதா?

வில்லோ மரப்பட்டையின் சாலிசினைத் தொடர்ந்து போனதில் வந்தது ஆஸ்பிரின். பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் 1897இல் தயாரித்தார். 1918 ஃப்ளூவில் நாளொன்றுக்கு 8 முதல் 31 கிராம் வரை விழுங்கச் சொன்னார்கள். இன்றைய உச்சவரம்பு 4 கிராம். அவ்வளவு ஆஸ்பிரின் நுரையீரலில் நீர் கோக்க வைக்கும் என்பதால், அந்தச் சாவுகளில் ஒரு பங்கு இதனால் இருக்கலாம் என்று 2009இல் அமெரிக்க மருத்துவர் காரன் ஸ்டார்கோ வாதிட்டார். குழந்தைகளுக்கு ஃப்ளூ நேரத்தில் ஆஸ்பிரின் இன்றும் ஆகாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய் வரலாம்.

மூக்கில் கடற்பாசி

ஃப்ளூ வைரஸ் செலுத்திய கோழிமுட்டைக் கருக்களைக் கடற்பாசிச் சாறு காப்பாற்றுகிறது என்று 1958லேயே கண்டார்கள். சிவப்புப் பாசியின் காராஜீனன், ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்தும் அதே பொருள், இன்று ஐரோப்பாவில் சளிக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாக விற்கிறது. வைரஸ் செல்லைத் தொடும் முன் அதன்மேல் படிந்து மறிப்பதே அதன் வேலை. ஸ்ப்ரேயில் இருப்பது அயோட்டா வகை. ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கும் பாசியில் கிடைப்பது அதன் உறவான கப்பா வகை.

புகையிலையின் பிராயச்சித்தம்

புகையிலைக்கு உறவான ஆஸ்திரேலியச் செடி நிகோட்டியானா பெந்தாமியானா. கனடாவின் மெடிகாகோ நிறுவனம் அதன் இலைகளில் ஃப்ளூ வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை விளைவித்துத் தடுப்பூசி செய்தது. 20,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனைகளின் முடிவு 2020இல் வந்தது. ஓரளவு பலனும் தெரிந்தது. 2023இல் நிறுவனமே மூடப்பட்டது. பயிர் விளைந்தும் வீடு வந்து சேரவில்லை.

தேறிய மருந்தின் மதிப்பெண்

இத்தனை தடை தாண்டிய ஓசல்டமிவிராவது நூற்றுக்கு நூறா? 2014இல் காக்ரேன் ஆய்வுக்குழு எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தது. பெரியவர்களுக்குத் தொந்தரவு நீடிப்பது 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகிறது. ஏறத்தாழ 17 மணி நேரம். பிரிட்டன் அரசு இதைக் கையிருப்பு வைக்கச் செலவிட்டது 42.4 கோடி பவுண்ட். உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதை அத்தியாவசிய மருந்துகளின் முதன்மைப் பட்டியலிலிருந்து துணைப் பட்டியலுக்கு இறக்கியது.

வைரஸும் சும்மா இருக்காது

2008 தொடக்கத்தில், ஓசல்டமிவிருக்கு மசியாத எச்1என்1 நார்வேயில் பரவுவது தெரியவந்தது. நியூராமினிடேஸில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டுக்குள் அந்த வகை உலகெங்கும் பரவியது. 2009இல் வந்த புதிய எச்1என்1 அதை ஓரங்கட்டியது. புதியது மருந்துக்கு மசிந்ததால் தப்பித்தோம். புதுப்புது மூலக்கூறுகளைத் தேடிச் செடிகளைக் குடைவது நிற்காததற்கு இதுவே காரணம்.

அடுத்த செய்தி வரும்போது

‘ஃப்ளூவைக் கொல்லும் மூலிகை’ என்று தலைப்பு வந்தால் மூன்று கேள்வி போதும். சோதித்தது தட்டிலா, எலியிலா, மனிதரிடமா? மனிதரிடம் என்றால் எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள்? தட்டில் வேலை செய்த அளவு, வாய்வழி குடித்தால் நுரையீரலுக்குப் போய்ச் சேருமா? பெரும்பாலான தலைப்புகள் முதல் கேள்வியிலேயே உட்கார்ந்துவிடும்.

இரண்டு நாள் கெடு

ஃப்ளூ மாத்திரை, காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். வைரஸ் பெருகி முடித்தபின் வாசலை அடைத்து என்ன பயன்? கர்ப்பிணிகள், 65 வயது தாண்டியவர்கள், சின்னக் குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் கஷாயத்தில் அந்த இரண்டு நாளைக் கழிக்காமல் டாக்டரைப் பார்ப்பது நல்லது. மூச்சு வாங்கினாலோ நினைவு தடுமாறினாலோ யாராக இருந்தாலும் உடனே. போகும்போது என்ன கஷாயம் குடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவருக்கு அதிமதுரம் கலந்த கஷாயம் குறுக்கே வரும் என்பது டாக்டருக்குத் தெரியும். நீங்கள் குடித்தது நீங்கள் சொன்னால்தான் தெரியும்.